இரண்டு சீசா மருந்து

பினாங்கில் சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம் வியாபாரிகளுக்கு அங்கே 'சூலியா' என்று பெயர். நான் அந்தத் தெருவில் நடந்தபோது தேடியது பிரியாணிக் கடையை அல்ல. ஒரு சீன டாக்டரை. அவர் காலமாகி வெகு காலமாகிவிட்டது என்பது தெரிந்தேதான் தேடினேன்.

வூ லியன் தே 1879-ல் அதே பினாங்கில் ஒரு பொற்கொல்லருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜுக்குப் போய் வைத்தியம் படித்துத் திரும்பினார். சூலியா தெருவில் வைத்தியசாலை போட்டபோது வயசு இருபத்தைந்துதான். வந்த நோயாளிகளில் எத்தனையோ பேருடைய நோய்க்கு மூலம் ஒன்றே: அபின்.

காய்ச்சிப் பதமாக்கிய அபினை மலாயாவில் 'சண்டு' என்பார்கள். ஈயச் சுரங்கத்தில் நாள் முழுவதும் தண்ணீரிலும் சேற்றிலும் நின்ற கூலிக்கு ராத்திரி இடுப்பு வலி. மாற்றி மாற்றிக் காய்ச்சல். பெண்டாட்டி பிள்ளைகளோ கடலுக்கு அப்பால். ஒரு குழாய் சண்டு இழுத்தால் எல்லாம் மறந்துபோகும். முதலாளியே கடனுக்குக் கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்வார். கழிக்கக் கழிக்கக் கடன்தான் ஏறும். (ரப்பர்த் தோட்டத்தில் நம்மவருக்குக் கள்ளுக்கடை திறந்து வைத்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.)

அந்தச் சரக்கு போனதும் நம் தேசத்திலிருந்துதான். கங்கைக் கரையில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போய், கப்பலேறியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த சர்க்காருக்குச் சில வருஷங்களில் வருமானத்தில் பாதி அபினிலிருந்தே வந்தது. காய்ச்சி விற்கும் உரிமையை யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குக் குத்தகை விடுவார்கள். குத்தகை எடுத்தவர்கள் பெரிய சீன வியாபாரிகள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நன்கொடை என்றால் முதலில் கை நீட்டுகிற மனிதர்கள் அவர்கள்தாம். ஆகவே அபினை எதிர்ப்பது சர்க்காரோடு மட்டும் சண்டை போடுவதல்ல. சொந்த ஜனங்களில் பெரிய மனிதர்களோடும் சண்டை.

டாக்டர் அதற்குத் துணிந்தார். அபின் எதிர்ப்புச் சங்கம் கிளம்பியது. 1906 மார்ச்சில் ஈப்போ நகரில் கூட்டிய மகாநாட்டுக்கு ஏறக்குறைய 2000 பேர் வந்தார்கள்.

அதே சமயத்தில் வேறொரு வேடிக்கையும் நடந்தது. சிலாங்கூர்ப் பக்கத்துக் காட்டில் படரும் ஒரு கொடியின் இலை அபின் பழக்கத்தை விரட்டும் என்று பேச்சுக் கிளம்பிற்று. கோலாலம்பூரில் இலையை வறுத்து அண்டா அண்டாவாகக் கஷாயம் காய்ச்சி இலவசமாகக் கொடுத்தார்கள். ஆயிரக் கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீசா. ஒன்றில் தம் வழக்கமான அளவுக்கு ஏற்ப அபினைக் கலந்துகொள்ள வேண்டும். மற்றதில் வெறும் கஷாயம். முதல் சீசாவிலிருந்து ஒரு மடக்குக் குடித்தால், குறைந்த அளவை இரண்டாவதிலிருந்து ஊற்றி நிரப்பிவிட வேண்டும். வேளைக்கு வேளை கஷாயம் ஏறும், அபின் இறங்கும். கடைசியில் குடிப்பது இலைத் தண்ணீர்.

ரசாயன நிபுணர்கள் இலையைச் சோதித்தார்கள். தேயிலையில் இருப்பதுபோல் துவர்ப்புச் சத்து இருந்தது. பழக்கத்தை முறிக்கிற சத்து எதுவும் அகப்படவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் கொடியின் மோகமும் அடங்கிவிட்டது. இலை பொய்யாகவே இருக்கட்டும். ஆனால் அந்த இரண்டு சீசாக் கணக்கு பொய்யா? ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு படுகிற பாட்டை அறிந்த யாரோ ஒரு புத்திசாலி போட்ட கணக்கு அது. அளவு பார்த்து மருந்து கொடுத்துப் படிப்படியாகக் கரையேற்றும் முறையை இன்றைய டாக்டர்களும் கையாளுகிறார்கள். சிலருக்குக் குறைக்காமல் வருஷக் கணக்கில் கொடுப்பதும் உண்டு. மலேசிய சர்க்காரே 2005-ல் மெதடோன் மருந்தை அப்படிக் கொடுக்க ஆரம்பித்தது. இன்னொன்றும் தோன்றுகிறது. சண்டுக் குழாயோடு தனியாகச் சுருண்டு கிடந்தவன், அன்று தன்னைப் போன்ற நூறு பேரோடு வரிசையில் நின்றான். நானும் விட்டுவிடப் போகிறேன் என்று அடுத்தவனிடம் சொல்லியிருப்பான்.

டாக்டருக்கு என்ன கிடைத்தது? 1907-ல் அவருடைய மருந்துச் சாலையைச் சோதனை போட்டார்கள். வைத்தியத்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் திராவகம் அகப்பட்டது. லைசென்ஸ் இல்லை என்று வழக்கு. 100 வெள்ளி அபராதம். கப்பல் கப்பலாக அபின் இறங்குகிற ஊரில் ஓர் அவுன்ஸுக்கு அபராதம்! தூண்டிவிட்டவர்கள் குத்தகைக்காரர்கள்தாம் என்பது என் சந்தேகம். அடுத்த வருஷமே அவர் சீனாவுக்குப் போய்விட்டார். 1910-ல் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது துணியால் முகமூடி கட்டச் சொல்லி உலகப் புகழ் பெற்ற டாக்டர் இவரேதான்.

இங்கே சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. அபினால் அவ்வளவு பெரிய கெடுதல் இல்லை என்று 1908-ல் கமிஷன் சொல்லிற்று. குத்தகை முறையை எடுத்துவிட்டு 1910 முதல் சர்க்காரே காய்ச்சி விற்றது. சங்கத்தார் கேட்டது இதுவா!

1937-ல் டாக்டர் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் வைத்தியசாலை வைத்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் 2000 பேரைக் கூட்டிய அதே ஊர். அப்போதும் பதிவு செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கார் சண்டு விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தது. இனி விற்பதில்லை என்று பிரிட்டிஷார் அறிவித்தது 1943-ல். மலாயா ஜப்பானியர் கையில் இருந்த சமயம் அது. விற்பதற்கு அவர்களிடம் கடையே இல்லை. யுத்தம் முடிந்து திரும்பி வந்த பிறகு, 1946-ல் தடை உத்தரவு போட்டார்கள். டாக்டர் 1960 வரை இருந்து அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பினாங்கில் கண்ணை மூடினார்.