புத்தொழில் நிறுவனப் பணியும் ஊழியர் பங்குரிமையும்
புத்தொழில் நிறுவனம் எனப்படும் ஸ்டார்ட்அப்பில் சேரும் ஊழியரை ஒரு முதலீட்டாளராகவே கருத வேண்டும். பணத்துக்குப் பதில் அவர் போடுவது உழைப்பு. பெரிய நிறுவனம் தரும் சம்பளத்தைச் சிறிய நிறுவனத்தால் பெரும்பாலும் தர இயலாது. அந்தக் குறையை ஈடுகட்டவே, முன்கூட்டியே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை, அதாவது ஈசாப்பை, அது தருகிறது. பொதுவாக இவ்வுரிமை நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடைக்காது. முதலீட்டாளர் பார்க்கும் கணக்கு வழக்கு ஊழியர் கண்ணில் படுவது அரிது. நிறுவனம் குறைந்த விலைக்குக் கைமாறினால், முன்னுரிமைப் பங்குதாரர்கள் எடுத்ததுபோக மிஞ்சுவதே அவருக்கு.

ஊழியரின் நிலை இப்படிப் பலவீனமானது என்பதை மறுப்போர், சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைக் காட்டுவார்கள். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்களானார்கள். தமிழகம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சில மாதங்களிலேயே பங்கு அந்த விலைக்குக் கீழே இறங்கியது; பங்குச் சந்தையை எட்டாமலே மூடப்படும் நிறுவனங்களோ ஏராளம். மேலும் இந்தியாவில், பங்கை இன்னும் விற்காத நிலையிலும், அதன் சந்தை மதிப்புக்கும் ஊழியர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்படுகிறது. 2020 நிதிச் சட்டம் தகுதிபெற்ற சில புத்தொழில் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிவைத்தது. கற்கும் வாய்ப்பே போதிய கூலி என்பது இன்னும் வலுவான வாதம். பத்துப் பேர் உள்ள இடத்தில் நிரல் எழுதுபவரே வாடிக்கையாளரின் புகாரையும் கேட்பார். அந்தப் பயிற்சி மெய்யானது. ஆயினும் அந்தப் பயிற்சியின் பலன் நிறுவனத்துக்கும் அன்றாடம் போய்ச் சேருகிறது. எனவே அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது நியாயமாகாது.