இன்சுலின்: பன்றியின் கணையத்திலிருந்து பாக்டீரியா வரை

மருத்துவர் இன்சுலின் போடச் சொன்னதும், "அது பன்றியிலிருந்து எடுப்பதாமே, ஹராம் இல்லையா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இன்று நிலைமை வேறு. ஒரு மருந்து எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டு, வடிவமைக்கப்பட்டு, மேம்படுத்தப்படுகிறது என்பதற்கும் இன்சுலினின் வரலாறே நல்ல எடுத்துக்காட்டு.

கண்டுபிடிப்பு

1921-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தனர். நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாறு, சர்க்கரை நோயுள்ள நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து போதிய தூய்மையாக இல்லாததால் பலன் கிடைக்கவில்லை, ஒவ்வாமைதான் ஏற்பட்டது. ஜேம்ஸ் கோலிப் அதைச் சுத்திகரித்த பின், ஜனவரி 23 அன்று போட்ட ஊசி பலனளித்தது. அதுவரை இளம் வயதில் இந்நோய் வந்தால் மரணம் விரைவில் நிச்சயம் என்ற நிலையே இருந்தது.

அதன்பின் சுமார் 60 ஆண்டுகள், மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் தயாரிக்கப்பட்டது.

வடிவமைப்பு

1950-களில் ஃபிரெடரிக் சாங்கர் இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தார். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஓர் இடத்திலும், மாட்டின் இன்சுலின் மூன்று இடங்களிலும் மட்டுமே வேறுபடுகிறது.

1978-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்தில் உருவாக்கி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். பாக்டீரியா மனித இன்சுலினைத் தயாரித்தது. 1982-இல் அமெரிக்க அரசு இதை அங்கீகரித்தது. மரபணுத் தொழில்நுட்பத்தில் உருவாகி மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து இதுவே.

மேம்படுத்தல்

சாதாரண இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒட்டிக்கொள்ளும். அவை பிரிந்து இரத்தத்தில் கலக்க நேரமாகும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே ஊசி போட வேண்டியிருந்தது. இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி இந்த ஒட்டுதலைக் குறைத்தார்கள். அப்படி வந்த லிஸ்ப்ரோ இன்சுலின் 1996-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2000-இல் அங்கீகாரம் பெற்ற கிளார்ஜின், தோலுக்கடியில் நுண்படிகமாகத் தங்கி, சுமார் ஒரு நாள் முழுவதும் மெல்லக் கரைகிறது.

இத்தகைய ஒவ்வொரு மாற்றமும் ஆய்வகம், விலங்குகள், பிறகு மூன்று கட்ட மனிதப் பரிசோதனை ஆகியவற்றைத் தாண்டியே சந்தைக்கு வருகிறது.

நாம் அறிய வேண்டியவை

இன்று விற்பனையாகும் இன்சுலினில் பெரும்பகுதி பாக்டீரியா அல்லது ஈஸ்டிலிருந்து தயாராவதே. லேபிளில் "ஹியூமன் இன்சுலின்" என்றிருந்தால், மனித உடலிலிருந்து எடுத்தது என்று பொருளல்ல. மனித இன்சுலினின் அதே அமைப்பு கொண்டது என்றே பொருள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். கேட்காமலே மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரமலானில் நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் எவ்வளவு இன்சுலின் என்பதை முடிவு செய்ய வேண்டும். நோன்பிருக்கும்போது இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் போனாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது குறையல்ல.

நோயைத் தந்த இறைவன் நிவாரணத்தையும் படைத்துள்ளான் என்பது நம் நம்பிக்கை. அதைத் தேடிப் பெறுவது நம் கடமை.