காண்டாக் கம்பு முதல் தொழிற்சாலை நாற்காலி வரை



கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன்னரே பெரட்டுக்கு நின்றனர். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். நானூறு, ஐந்நூறு மரங்களைக் குனிந்து நிமிர்ந்து சீவி, மீண்டும் அதே வழியில் நடந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளேற்றிச் சுமந்தனர். இருதயத்திற்கும் நுரையீரலுக்கும் அன்றாடம் பயிற்சி கிடைத்தது.

அதற்காக அவர்கள் நலமாக வாழ்ந்தனர் எனப் பெருமை பேசலாகாது. கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் தோட்டங்களில் மலிந்திருந்தன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், உள்ளிழுத்த பிராணவாயு தசைகளுக்குப் போதிய அளவு சென்று சேராது.

உழைப்புக்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை 1953-இல் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் இலண்டனில் எடுத்துக்காட்டினார். மாடிப் பேருந்தில் நாள் முழுதும் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களிடம் இருதய நோய் மிகுதியாக இருந்தது. அவர் ஆராய்ந்தவர் அனைவரும் ஆண்களே!

1972-இல் சுங்கைவே சுதந்திர வாணிப வட்டாரம் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போக, தோட்டத்துப் பெண்கள் பலர் தொழிற்சாலை நாற்காலிகளில் அமர்ந்தனர். நடை போயிற்று, சோறும் சீனி கலந்த தேநீரும் குறையவில்லை. 1996-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 4.4 விழுக்காட்டுப் பெரியவர்களே உடற்பருமன் உடையவர்கள். 2019-இல் அது 19.7 விழுக்காடு. அதிக எடையினரையும் சேர்த்தால் பெண்களில் 54.7, இந்தியர்களில் 63.9 விழுக்காடு.

பெற்றோர் சந்திப்பு நாளில் மூன்றாம் மாடி வகுப்பறைக்கு ஏறி வரும் தாய்மார் சிலர் முதலில் நாற்காலியைத்தான் தேடுகின்றனர். முப்பத்தைந்து வயதுகூட இராது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மார்பைச் சூழ்ந்த கொழுப்பு விலா விரிவதைத் தடுக்கிறது. மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. அதே படியை ஏற, கனத்த உடலுக்குக் கூடுதல் பிராணவாயு தேவை. இருதயம் இறைக்கும் இரத்தம் குறைவாக இராது. ஆனால் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிராணவாயு குறைந்துவிடும். பொதுவாகப் பெண்களுக்கு நுரையீரல் அளவும் ஹீமோகுளோபினும் ஆண்களைவிடக் குறைவு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எடை அதிகம் குறையாவிட்டாலும், சில வாரங்கள் தொடர்ந்து விரைந்து நடந்தால் இருதய, நுரையீரல் ஆற்றல் உயர்கிறது. இதைச் சொன்னால், "நடக்க ஏது நேரம், டீச்சர்?" என்கின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. காலை ஷிப்டுக்கான தொழிற்சாலைப் பேருந்து விடியுமுன்னரே வந்து நிற்கிறது.