நாய் மார்க் பெட்டியும் உப்புக் காற்றும்

தூத்துக்குடியில் தாத்தா காலத்துப் பாட்டுப்பெட்டி என்று பரணிலிருந்து இறக்கினால், அது பெரும்பாலும் எடிசன் 1877-இல் கண்டுபிடித்த போனோகிராபாக இருக்காது. போனோகிராப் உருளையில் பாடும். நம் வீடுகளுக்கு வந்தது, பெர்லினர் 1887-இல் உருவாக்கிய தட்டில் பாடும் கிராமபோன்.

இந்தியக் குரல்களைக் கிராமபோன் கம்பெனி 1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்தது. ஆனால் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் நம் பாட்டு சீமைச் சரக்குதான்! இதில் வேடிக்கை, தட்டின் உயிரான அரக்கு நம் நாட்டுக் காட்டு மரங்களில் விளைந்தது. அங்கே போய்ப் பாட்டாகத் திரும்பியது. வ.உ.சி. சிறை சென்ற 1908-இல்தான் கல்கத்தா சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

அப்புறம் நாடகப் பாட்டின் காலம். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் தட்டுகளிலும் பாடினார்கள். கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகும் அவர் குரல் வீடுகளில் ஒலித்தது.

சரி, கையிலிருக்கும் பெட்டி அசல்தானா? பளபளக்கும் பித்தளைப் புனலும் எச்.எம்.வி.யின் நாய்ப் படமும் இருந்தாலே சந்தேகப்படுங்கள். பழைய பாகங்களைப் புது மரப்பெட்டியில் பூட்டி விற்பது நம் நாட்டில் பெரிய தொழில். பெட்டியின் அடிப்பலகையைப் பாருங்கள்: அறுத்த மணம் மாறாத மரமென்றால் கதை முடிந்தது. மாறாக, புனலே வெளியில் தெரியாத கறுப்புக் கைப்பெட்டியை யாரும் மதிப்பதில்லை. அது 1931-இல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரியாக இருக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் புதையல். ஒரு பக்கம் மட்டும் பாடும் தட்டு கிடைத்தால் இன்னும் விசேஷம். 1908-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு.

அசல் பெட்டியே கிடைத்தாலும், உப்பளக் காற்று அதை ஓட்டும் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும்போது சாவி கொடுத்தால் ஸ்பிரிங் முறியலாம். ஸ்பிரிங் டப்பாவை வீட்டில் திறக்கவே வேண்டாம். சுருண்ட எஃகு விரலைப் பதம் பார்த்துவிடும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சவுண்ட் பாக்ஸில் தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தால் பாட்டு கரகரக்கும். வளையத்தை மாற்றினால் போதும். எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுங்கள். தேய்ந்த முள் தட்டை உழுதுவிடும்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.