வீதிக்கு வந்த வெண்ணுடை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பை, கடந்த முப்பது ஆண்டுகளில் சீருடைகளின் ஊராக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தபின், ஷிப்டு மாறும் வேளைதோறும் கம்பெனிப் பேருந்துகள் சீருடை அணிந்த இளையோரை இறக்கியும் ஏற்றியும் செல்கின்றன. சட்டைப்பையில் நிறுவனத்தின் பெயர் பொறித்த இளைஞனை ஊர் மதிப்போடு நோக்குகிறது. பெண் கொடுக்கும் வீட்டார்கூட அந்தச் சட்டையைக் கண்டு மகிழ்கின்றனர்.

அதே நிறுத்தத்தில், இரவுப் பணி முடித்த செவிலி ஒருவர் மருத்துவமனைச் சீருடையில் நிற்கும்போது பார்வை வேறாகிறது. "சிஸ்டர், உட்காருங்கள்" என்று எழுந்து இடம் தருவோர் உண்டு. ஓரடி விலகி நிற்போரும் உண்டு. "நோய் பார்த்த துணியோடு காய்கறிக் கடைக்கு வரலாமா?" என்று முணுமுணுப்போரும் உண்டு. மரியாதை, அச்சம், குறைகூறல் என்னும் இம்மூன்றும் இன்று தோன்றியவை அல்ல. அவற்றின் வரலாற்றை அறிந்தால் நம் பார்வையும் சற்றுத் தெளிவடையும்.

தெருவில் பிறந்த உடை

திரெந்துப் பொதுச்சங்கத்திற்குப் (1545–1563) பின்னர், துறவறப் பெண்கள் மடத்தின் அடைப்புக்குள்ளேயே வாழவேண்டும் என்னும் ஒழுங்கு கடுமையாக்கப்பட்டது. நோயாளியின் குடிசைக்குச் செல்ல விரும்பிய பெண்ணுக்கு இது பெருந்தடையாயிற்று. புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரிலாக்கும் 1633-ஆம் ஆண்டு பாரிசில் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, அப்பெண்களை மடத்துக் கன்னியர் என்று அழைக்காமலேயே விட்டனர். அவர்களுக்கெனத் தனித் துறவற உடையும் வகுக்கவில்லை. பாரிசைச் சூழ்ந்த சிற்றூர்களின் உழவர் குலப் பெண்கள் உடுத்திய சாம்பல்நிற ஆடையும் வெண்ணிறத் தலைத்துணியுமே அவர்களது உடையாயின. தெருவில் நடக்கவும் ஏழையின் வீட்டில் அந்நியராகத் தோன்றாதிருக்கவும் அதுவே ஏற்றதாக இருந்தது.

காலப்போக்கில் ஊர்ப் பெண்களின் உடை மாறியது. சகோதரிகளின் உடையோ மாறவில்லை. எல்லாரையும் போலத் தோன்றுவதற்காக அணியப்பட்ட உடை, எல்லாரிடமிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளமாயிற்று. தலைத்துணி கஞ்சி போட்டு விறைத்து, பறவையின் இறக்கை போல் விரிந்தது. 1964 செப்டம்பர் 20 அன்று அதனை அச்சபை கைவிட்டது. மறு ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற உடை எளியதாகவும் உடல்நலத்திற்கு உகந்ததாகவும் காலத்திற்கும் பணிக்கும் பொருந்துவதாகவும் இருக்கவேண்டும் என்று வலியுறுத்தியது.

இக்கன்னியரின் சாயல் மருத்துவமனைச் சீருடையில் படிந்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836-இல் தொடங்கிய புராட்டஸ்டண்டு சகோதரியர் இல்லத்தில் பயின்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854-இல் கிரிமியப் போர்க்களத்தின் காயமுற்றோருக்காக அவர் 38 பெண்களை அழைத்துச் சென்றபோது, அவர்களுள் பத்துப்பேர் கத்தோலிக்கக் கன்னியர். சம்பளத்திற்கு வேலை செய்த செவிலியருக்கு அந்நாளில் நல்ல பெயர் இருக்கவில்லை. எனவே, படைவீரர் நிறைந்த ஸ்குடாரி நகரின் தெருக்களில் அடையாளம் தெரியும்படி, மருத்துவமனையின் பெயர் பொறித்த மேல்துணியை அவர்கள் அணிந்தனர். இவள் நோயாளியைக் காக்கப் புறப்பட்டவள், இவளிடம் தகாத முறையில் நெருங்காதே என்று அத்துணி தெருவுக்கு அறிவித்தது. செவிலியின் சீருடை தொடக்கத்தில் தெருவில் அவளுக்குக் கவசமாகவே இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நம் மக்கள் இன்றும் எல்லாச் செவிலியரையும் "சிஸ்டர்" என்று அழைப்பது அந்த மடத்து மரபின் எஞ்சிய ஒலியே.

கறுப்பும் வெளுப்பும்

மருத்துவர்களின் உடைக்கு வேறொரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறுவை மருத்துவர் கறுப்பு மேலங்கியோடே கத்தியை எடுத்தார். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ், கைகளைக் கழுவினால் பிள்ளைபெற்ற தாய்மாரின் மரணம் குறையும் என்று செயலில் காட்டினார். 1867-இல் லிஸ்டர் கிருமிநீக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் கறுப்பு விலகி வெண்மை வந்தது. அழுக்குப் பட்டால் உடனே தெரியும் என்பதே வெள்ளைக் கோட்டின் நேர்மை.

ஆனால் அக்கோட்டு வார்டை விட்டு உணவுக்கடைக்கும் பேருந்துக்கும் வந்தபோது, தூய்மையின் சின்னம் பெருமையின் சின்னமாயிற்று. மருத்துவ மாணவர் கோட்டோடு தேநீர்க்கடையில் நிற்பதை நாமும் கண்டிருக்கிறோம். இந்தியாவில் மருத்துவர்களும் மாணவர்களும் வெள்ளைக் கோட்டைக் கைவிட வேண்டும் என்று, 2015-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இந்திய மருத்துவர் ஒருவரே எழுதினார். ஆகவே குறைகூறும் பொதுமக்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

தீட்டும் தொற்றும்

நம் நாட்டில் இக்கேள்விக்கு மற்றொரு முள்ளும் உண்டு. குருதி, மலம், பிணம் ஆகியவற்றைத் தொடுவோரைத் தீட்டுடையோர் என ஒதுக்கிய சமூகம் நம்முடையது. இரவில் வெளியே தங்கி அந்நிய ஆடவரின் உடலைத் தொட்டுப் பணிசெய்யும் பெண்ணை அச்சமூகம் எளிதில் ஏற்கவில்லை. நெடுங்காலம் இந்தியச் செவிலியருள் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் மிகுந்திருந்ததற்கு இதுவும் காரணம். சென்னை மாகாணம் 1926-இலேயே செவிலியர், பேறுகால உதவியாளர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. எனினும் 1946-இல் போர் குழு அறிக்கை தந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு.

கொள்ளைநோய்க் காலத்தில் சீருடை வேறொரு அச்சத்தையும் தந்தது. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897-இல் கொள்ளைநோய்கள் சட்டம் வந்தது. புனேயில் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். மக்களின் சினம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூன் 22 அன்று சுடப்பட்டு, பின்னர் இறந்தார். நலம் காக்க வந்ததாகச் சொன்ன சீருடை, மானத்தைக் குலைக்கும் சீருடையாக மக்களின் கண்ணில் பட்டது.

படப்பைக்கு அண்மையிலேயே ஒரு சாட்சி உண்டு. தாம்பரத்தில் மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் காசநோய் இல்லம் ஒன்றைத் திறந்தார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. இரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம் என்றாயிற்று. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். காசமும் எய்ட்சும் சொல்லவே அஞ்சிய சொற்களாக இருந்த நாள்களில், அந்நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிய கைகள் இருந்தன. அச்சம் நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. அவரைத் தொட்டவரின் உடைமீதும் அது படிகிறது.

ஆயினும் தெருவே பணியிடமாகக் கொண்ட சீருடையும் நம்மிடையே உண்டு. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்னும் கணக்கில் அமைந்த துணைச் சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலி, சீருடைச் சேலையோடுதான் வீடுவீடாகச் செல்கிறார். அவரைக் கண்டு தாய்மார் குழந்தையோடு வாசலுக்கு வருகின்றனர். அவர் உடை யாரையும் அச்சுறுத்துவதில்லை, ஏனெனில் அந்த உடைக்குள் இருப்பவரை ஊர் பெயரோடு அறியும்.

கைதட்டிய கைகள்

2020-ஆம் ஆண்டு நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் அதனைச் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று அவர்களுக்காகக் கைதட்டியது. இரண்டு நாள் கழித்து, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், தங்கள் தோழர்களை வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்றுவதாக உள்துறை அமைச்சருக்கு எழுதவேண்டியதாயிற்று. வீதியில் போற்றப்பட்ட உடை வீட்டு மாடிப்படியில் மறுக்கப்பட்டது.

ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவரை அடக்கம் செய்யவிடாது ஒரு கும்பல் எதிர்த்தது. வேலங்காட்டிற்குக் கொண்டு சென்றபோது ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது. இறுதியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரும் மருத்துவமனை ஊழியர் இருவரும் இரவோடிரவாகக் குழியை மூடினர். கண்ணியமான அடக்கம் மனிதரின் உரிமை என்பதை உயர்நீதிமன்றம் நினைவூட்ட நேர்ந்தது.

ஏப்ரல் 22 அன்று பிறந்த அவசரச் சட்டம் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தியது. மருத்துவப் பணியாளரின் வாழ்விடத்தைப் பாதிக்கும் தொல்லையும் அதில் வன்முறையாக வரையறுக்கப்பட்டது. சாதாரணக் குற்றத்திற்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. செப்டம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. மக்களின் வீட்டுக்குள் அதிகாரிகளை நுழையவிட்ட சட்டமே, 123 ஆண்டுகளுக்குப்பின், செவிலியின் வீட்டை மக்களிடமிருந்து காக்கவேண்டியதாயிற்று. நமக்கு வெட்கம் தரவேண்டிய வரலாறு இது.

எது முறை?

அப்படியானால் மருத்துவமனைச் சீருடை வீதிக்கு வரலாமா? 2007-இல் பிரித்தானிய நலவாழ்வுத் துறையின் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. சீருடையை வெளியே அணிவதால் நோய் பரவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அது கண்டது. சூடான நீரில், 60 பாகை செல்சியசில், பத்து நிமிடம் துவைத்தாலே பெரும்பாலான கிருமிகள் நீங்கும் என்றும் கூறியது. எனினும் கடையில் சீருடையைக் காணும் மக்கள் மனம் சஞ்சலப்படுகிறது. அந்த நம்பிக்கையை மதித்து உடை மாற்றிச் செல்வதோ மேலே வேறுடை அணிவதோ நன்று என்று அறிவுறுத்தியது.

இது நடுநிலையான வழி. சில கிருமிகள் துணியில் பல நாள்கள் வாழக்கூடியவை என்பதும் உண்மையே. தெருவின் தூசு சீருடையில் ஏறி நோயாளியின் கட்டிலுக்குச் செல்வதும் நல்லதன்று. ஆகவே பணியிடத்தில் உடை மாற்றுவதே முறை. ஆனால் உடை மாற்ற அறை வேண்டும். பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும். துவைக்க ஏற்பாடு வேண்டும். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இரவுப் பணி மருத்துவருக்கு ஓய்வறையும் போக்குவரத்தும் போதிய அளவில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. இவற்றைத் தராத நிர்வாகத்தைக் கேள்வி கேளாமல், பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணை மட்டும் முறைத்துப் பார்ப்பது நீதியாகாது. திருச்சபையின் மருத்துவமனைகளும் இக்கடமைக்கு விலக்கல்ல.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் பிரிவில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், கூட்டத்தினூடே வந்து ஆண்டவரின் மேலுடையைத் தொடுகிறாள். லேவியர் நூலின் ஒழுங்குப்படி அவள் தொட்டது தீட்டாக வேண்டும். நடந்ததோ வேறு. தீட்டு அவளிடமிருந்து ஆடைக்கு ஏறவில்லை. நலம் அவரிடமிருந்து அவளுக்குச் சென்றது. இயேசு அத்துடன் நிற்கவும் இல்லை. தொட்டவர் யார் என்று தேடுகிறார். கூட்டத்தின் நடுவே அவளோடு பேசுகிறார். மகளே என்று அழைத்து அனுப்புகிறார். உடையைத் தாண்டி ஆளைக் கண்டவர் அவர்.

நம் பங்குகளில் எத்தனை வீடுகளிலிருந்து மகளிர் இப்பணிக்குச் செல்கின்றனர்! அவர்கள் வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது நாம் கதவைத் திறக்கிறோமா என்பதில்தான் நம் மரியாதை உண்மையா என்பது தெரியும். சீருடைக்குக் கைதட்டுவது எளிது. இரவு முழுவதும் பிறர் பிள்ளையைக் காத்துவிட்டு வருபவளுக்கு, அவள் எந்த உடையில் வந்தாலும், நம் தெருவில் ஒரு வீட்டைத் தருவதே அவளுக்குச் செய்யும் நன்றி.