நெகட்டிவ் இருந்த காலம்: நிழற்படத் திருத்தத்தின் வரலாறு

நிழற்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை, 1839இல் பாரிஸில் தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாள்முதல் அக்கலையோடு சேர்ந்தே வளர்ந்தது. படத்தை ஒளியே வரைகிறது, மனிதக் கைக்கு அதில் வேலையில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. தொழிலின் வரலாறோ, கை ஒரு காலத்திலும் விலகி நிற்கவில்லை என்பதையே காட்டுகிறது. முகத்தை மெருகேற்றுவது, வானத்தை மாற்றுவது, இல்லாதவரைச் சேர்ப்பது என இன்று கைப்பேசி செய்யும் வேலைகள் அனைத்தும் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்தவை. டிஜிட்டல் காலத்தின் பெரிய இழப்பு, திருத்தத்துக்கு முந்தைய நிலையைக் காட்டக்கூடிய நெகட்டிவ் என்ற பொருள் தொழிலிலிருந்து மறைந்துபோனதுதான்.

நெகட்டிவ் என்பது ஒளியும் இருளும் இடம் மாறிப் பதிந்த மூலப்படி. அதில் கருமையாக இருப்பது அச்சிட்ட படத்தில் வெண்மையாக வரும். தாகேரின் உலோகத் தகட்டில் இது கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் உருவாக்கிய காகித நெகட்டிவே ஒரு மூலத்திலிருந்து பல பிரதிகள் எடுக்க வழிசெய்தது; திருத்துவோர் கைவைக்க வசதியான இடமும் அதுவே ஆயிற்று. மதராஸ் மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, 1857-58இல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகேற்றிய காகித நெகட்டிவில் பதிவுசெய்தார். அக்கால ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிக விரைவாக வினைபுரிந்ததால், கோபுரத்தின் சிற்பங்கள் தெளிவாகப் பதியும் நேரத்துக்குள் வானம் மேகமின்றி வெளிறிவிடும். அக்குறையை நீக்க டிரைப் நெகட்டிவ்மீது சாயம் பூசி மேகங்களை உருவாக்கினார், மரங்களின் இலைத் திரளையும் திருத்தினார். அவருடைய படங்களில் மிதக்கும் மேகங்கள் சில மதுரை வானத்தில் அன்று இருந்தவை அல்ல.

அதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைக் கேமராவை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுப் பதிவின் வரலாற்றில் இது போற்றத்தக்க உழைப்பு. கற்பனை மேகமும் கல்வெட்டு ஆவணமும் ஒரே கையிலிருந்து வந்தபோதும் ஆய்வாளர்கள் குழம்புவதில்லை. அவருடைய காகித நெகட்டிவ்கள் பல இன்றும் காப்பகங்களில் இருப்பதால், சாயம் எங்கே படிந்திருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் சிறு நகரங்கள்வரை பரவிய ஸ்டுடியோக்களில் இத்திருத்தம் ‘டச்சப்’ என்ற பெயரில் அன்றாட வேலையாயிற்று. சாய்வு மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடிமீது நெகட்டிவை வைத்து, கீழேயுள்ள ஆடியால் பகல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பி, ஊசிபோல் நீளமாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுச் செய்யும் வேலை அது. முகத்திலுள்ள கரும்புள்ளியோ அம்மைத் தழும்போ நெகட்டிவில் தெளிந்த இடமாகத் தெரியும். அதைப் பென்சில் கரி நிரப்பினால் அச்சில் அந்த இடம் சுற்றியுள்ள தோலோடு கலந்துவிடும். கருமை கூட்ட வேண்டிய இடத்தில் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டுவார்கள். நீலத்துக்கு மட்டுமே கூர்மையாக இருந்த பழைய தகடுகள் மாநிறத்தையும் சிவப்பையும் உள்ளதைவிடக் கருமையாகக் காட்டியதால், தொடக்கத்தில் இது தொழில்நுட்பத் தேவையாகவும் இருந்தது. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் நிறத்தைத் தூக்கிக் காட்டும் பழக்கம் நின்றுவிடவில்லை. இறந்துபோன கணவரின் பழைய படத்தையும் மனைவியின் புதிய படத்தையும் இணைத்து, இருவரும் அருகருகே அமர்ந்திருப்பதுபோல் ஒரே சட்டத்தில் தருவதும் ஸ்டுடியோக்களின் வழக்கமான பணியே. அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலையிட்ட குடும்பம் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. அது எப்படி உருவானது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நீதிமன்றமும் நிழற்படத்தை அதன் தோற்றத்துக்காக மட்டும் நம்பியதில்லை. படம் சான்றாக முன்வைக்கப்பட்டால், அதை எடுத்தவர் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், நெகட்டிவையும் காட்ட வேண்டும் என்பதே நீண்டகால நடைமுறை. எடுத்தவரும் மூலப்படியும் சேர்ந்தே படத்துக்கு நம்பகம் தந்தனர்.

இந்த ஏற்பாடு டிஜிட்டல் முறையில் குலைந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், கிடைமட்டமாக எடுக்கப்பட்ட எகிப்தியப் பிரமிடுகளின் படத்தைச் செங்குத்தான அட்டைக்குள் அடக்க, கணினியின் துணையோடு இரு பிரமிடுகளை நெருக்கி வைத்தது. அச்சகங்களிடம் மட்டுமே இருந்த அந்த ஆற்றலை, நோல் சகோதரர்கள் எழுதி அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப் மென்பொருள் மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, பிரதமர் வானிலிருந்து பார்வையிடும் படத்தில் விமானச் சாளரத்துக்குள் வேறொரு காட்சியைப் பொருத்தி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே வெளியிட்டு, பிறகு அதை நீக்கி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. திருத்துவது அவ்வளவு எளிதாகிவிட்டிருந்தது.

இதைவிடக் கொடியது, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் செய்யப்பட்ட மோசடி. கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட விழிப்புணர்வுக் காணொளியில், தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டு, மீதி உண்மையான கடத்தலாக வாட்ஸ்அப் வழியே இந்தியாவில் பரவியது. அந்த வதந்தி அலை பல மாநிலங்களில் உயிர்களைப் பறித்தது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர் என்ற சந்தேகத்தில் முதிய பெண் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்றும் கழன்றுவிட்ட காட்சி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

இன்றைய கைப்பேசி, பொத்தானை அழுத்தியதும் பல பதிவுகளை எடுத்து, அவற்றைக் கலந்து, நிறத்தையும் ஒளியையும் சீராக்கிய பிறகே ஒரு படத்தைக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படத்துக்கோ மூலமே கிடையாது. அதில் தெரியும் நிகழ்ச்சி எங்கும் நடந்ததில்லை. ஆனாலும் பழைய நேர்மை இங்கும் இயலாததல்ல. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் இத்தொழில்நுட்பத்தால் உருவாக்கிய ஏ.ஆர்.ரகுமான், அதை வெளிப்படையாக அறிவித்து, குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதையும் ஊதியம் அளித்ததையும் தெரிவித்தார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம், மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழில் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிடச் சொல்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் எண்ணும் எழுத்தும் கலந்த அக்கோவை, கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் வேறாகிவிடும். கணக்கிட்ட பின் கோப்பு மாறவில்லை என்பதை அது உறுதிசெய்யும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லும் பொறுப்பு, முன்போலவே, சான்றிதழில் கையெழுத்திடும் மனிதரைச் சார்ந்தது.

மூடப்படும் ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போய்க்கொண்டிருக்கும் நிலையில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி மின்படியாக்கியுள்ளது. அப்பணியைத் தமிழக அரசின் ஆவணக் காப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் மாவட்டந்தோறும் உடனே மேற்கொள்ள வேண்டும். பென்சில் தடம் பதிந்த அந்த நெகட்டிவ்கள் அழிந்தால், தமிழர் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதற்கான சான்றும் அழிந்துவிடும்.