கிட்டாரை மூடி வைத்தவரும் எங்கள் கடலும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பழைய பாடகர்கள் பல வருடம் கழித்து ஒரு பாட்டோடு திரும்பி வருவது இசை உலகில் புதினமில்லை. பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு கம்பனியும் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கும். ஆனால் 2005இல் வெளிவந்த ஒரு பாட்டின் வரலாறு வேறு. பாடியவர் யூசுப் இஸ்லாம். பாட்டின் பெயர் 'இந்தியன் ஓஷன்'. இந்து சமுத்திரம். எங்கள் கடல்.

இந்த மனிதரை முதலில் அறிந்துகொள்வோம். 1948இல் லண்டனில் பிறந்தவர். வாப்பா சைப்பிரஸ் தீவைச் சேர்ந்த கிரேக்கர், உம்மா சுவீடன்காரி. இருவரும் லண்டன் நகர மத்தியில் உணவகம் நடத்தினார்கள். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் 1966இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அடுத்த வருடமே 'மத்யூ அன்ட் சன்' பிரித்தானிய தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

புகழ் வந்த வேகத்திலேயே காசநோயும் வந்தது. பல மாதம் படுக்கை. மரணத்தைப் பற்றியும் வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான். குணமாகி வந்து 1970இலும் 1971இலும் அவர் தந்த பாட்டுக்கள்தான் உலகம் முழுக்கப் போயின. 'ஃபாதர் அன்ட் சன்', 'பீஸ் ட்ரெயின்', 'மூன்ஷாடோ' எல்லாம் அந்தக் காலத்தவை.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மாலிபு கடலில் நீந்தப் போனார். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. கரைக்குத் திரும்பத் தெம்பில்லை. அந்த நேரம் இறைவனை அழைத்து, காப்பாற்றினால் உனக்காக உழைப்பேன் என்றார். ஓர் அலை அவரைக் கரைப்பக்கம் தள்ளியது. இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். பிறகு சகோதரர் டேவிட் ஒரு குர்ஆன் மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். 1977 டிசம்பரில் இஸ்லாத்தை ஏற்றார். சூரா யூசுப் மனதைத் தொட்டதால் அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். 1979 நவம்பரில் லண்டன் வெம்ப்ளியில் யுனிசெப் நிதிக்காக ஒரு தடவை பாடினார். அதோடு மேடையை விட்டார். கிட்டார்களை விற்று அந்தக் காசையும் தருமத்துக்குக் கொடுத்தார்.

அப்போது அவருக்கு வயது 31. இசை பற்றிய மார்க்கக் கருத்துக்கள் பலவாறாக இருந்தன. சந்தேகமானதை விட்டுவிடுவோம் என்று அவராகவே முடிவெடுத்தார். பாட்டால் வந்த செல்வம் கல்விக்கும் தருமத்துக்கும் போனது. 1983இல் லண்டனில் இஸ்லாமியா ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். 1998இல் அதற்கு அரச நிதி கிடைத்தது. பிரித்தானியாவில் அரச நிதி பெற்ற முதல் முஸ்லிம் பாடசாலைகளில் அதுவும் ஒன்று. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவருடைய எந்தப் பாட்டையும் விட இது பெரிய விடயம்.

1990களில் பொஸ்னியா யுத்தம் அவரை மாற்றியது. பொஸ்னிய வெளிநாட்டமைச்சர் இர்பான் லியூபியான்கிச் தான் எழுதிய பாட்டொன்றை ஒலிநாடாவில் அவரிடம் கொடுத்தார். 1995 மே மாதம் அந்த அமைச்சர் சென்ற ஹெலிகொப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் மரணமானார். குண்டு விழும் ஊரிலும் சனம் பாடித்தான் ஈமானையும் தைரியத்தையும் காத்தது என்பதை யூசுப் கண்டார். பிறகு குரலும் பறையொலியும் மட்டும் வைத்துச் சிறுவர் பாட்டுக்கள் தந்தார். எங்கள் ஊர்களில் பக்கீர் பாவாக்கள் றபான் தட்டிப் பாடும் முறைக்கு இது தூரமில்லை. சில வருடங்களின் பின் மகன் வீட்டுக்கு ஒரு கிட்டார் கொண்டுவந்தார். ஒருநாள் வாப்பா அதைக் கையில் எடுத்தார். விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது.

அந்த ஞாயிறு, பௌர்ணமி தினக் காலையைப் பற்றி எங்கள் பெரியவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க மையித்துக்கள். அதே கடல் சுமாத்திராவின் பண்டா ஆச்சே நகரையும் வழித்துக்கொண்டு போனது.

அடுத்த வருடமே 'இந்தியன் ஓஷன்' வந்தது. இசையில் எங்கள் மொழியின் ஏ. ஆர். ரஹ்மானும் சேர்ந்தார். நோர்வேயின் ஆ-ஹா குழுவின் மக்னே ஃபுருஹோல்மன், ஸ்கொட்லாந்தின் ட்ராவிஸ் குழுவின் நீல் பிரிம்ரோஸ் ஆகியோரும் சேர்ந்தார்கள். முதலில் இணையக் கடைகளில் மட்டும் விற்பனை. வருமானம் 'ஸ்மோல் கைன்ட்னஸ்' என்ற அவரது தரும நிறுவனத்தின் ஊடாக ஆச்சேயின் அநாதைப் பிள்ளைகளுக்குப் போனது. 2006இல் 'ஆன் அதர் கப்' என்ற முழு இசைத்தொகுப்பு வந்தது. 28 வருடத்துக்குப் பிறகு வந்த தொகுப்பு என்று உலகம் அதைத்தான் பேசியது. ஆனால் புதிய பாட்டோடு அவர் திரும்பிய கதவு சுனாமியின் கதவு.

இதில் நாங்கள் காண்பது ஒன்றுதான். ஒரு கடல் அவரை இறைவன் பக்கம் திருப்பியது. இன்னொரு கடல், விட்டுவைத்த திறமையை அநாதைகளுக்காக மீண்டும் எடுக்க வைத்தது. விட்டதும் அமானிதம் என்ற நினைப்பில். எடுத்ததும் அதே நினைப்பில்.

இசை கூடுமா கூடாதா என்ற உலமாக்களின் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க நாங்கள் இங்கே வரவில்லை. எங்கள் கேள்வி வேறு. மீலாத் மேடையில் நல்ல குரலோடு வரும் பிள்ளை, கொப்பியின் பின்பக்கத்தில் கவிதை எழுதும் பிள்ளை, இவர்களின் திறமையை எதற்குப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறோம்?

சுனாமியைப் பற்றி எங்கள் கவிஞர்களும் எழுதினார்கள். ஆனால் இன்று எங்கள் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி, வருடத்தில் ஒருநாள் மௌனம். தங்கள் வீட்டிலேயே யார் யார் போனார்கள் என்ற பெயர்கள்கூடப் பலருக்குத் தெரியாது. லண்டனில் இருந்த ஒருவர் எங்கள் கடலுக்காக ஒரு பாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கரையிலேயே வாழும் நாங்கள் என்ன வைத்துவிட்டுப் போகப் போகிறோம்?

இந்த வாரம் ஒரு வேலை செய்வோம். பிள்ளைகளை உம்மும்மா, மூத்தவாப்பா பக்கத்தில் இருத்தி, அந்தக் காலையைச் சொல்லச் சொல்வோம். பிள்ளை கேட்டு எழுதட்டும். பாட வருமென்றால் பாடட்டும். பெயர்கள் மறந்துபோக முதல் ஒரு கொப்பியிலாவது இருக்கட்டும்.

கடல் கொண்டுபோன எல்லோருக்கும் அல்லாஹ் மேலான சுவனத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.